புது ஹார்ட் டிஸ்க் என்று பழையதைத் தலையில் கட்டினார்கள்: 9,200 ரூபாய் போச்சு

கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். விலை 9,200 ரூபாய். நொந்துபோய் எழுதுகிறேன்.

கடைக்காரர் நல்லவர் மாதிரிதான் பேசினார். டீ வரவழைத்தார். சீல் வைத்த கவரை என் கண் முன்னாலேயே கிழித்தார். "பார்டிஷன் எல்லாம் நானே போட்டுத் தர்றேண்ணே, நீங்க போய் மாட்டுனா போதும்" என்றார். ஜிபேயில் பணம் போனதும் ஒரு எஸ்டிமேட் தாளை நீட்டி, பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

மாட்டினால் 2 டிபிதான் தெரிகிறது. போன் செய்தேன். "பெரிய டிஸ்க்னா கொஞ்சம் கம்மியாத்தாண்ணே காட்டும்." கொஞ்சமா? 4 டிபி டிஸ்க் விண்டோஸில் 3.63 டிபி என்று காட்டும், அது கம்பெனி 1000-ஆலும் விண்டோஸ் 1024-ஆலும் எண்ணும் கணக்கு வித்தியாசம். பாதியே காணாமல் போவது கணக்கு வித்தியாசம் இல்லை. அவர் போட்டது எம்பிஆர் பார்டிஷன், அதாவது டிஸ்க்கின் இடத்தைப் பிரித்துக் குறித்து வைக்கும் பழைய முறை. 512 பைட் செக்டர்களுக்கு (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்) எம்பிஆர் 32 பிட்டில் எண் போடுவதால் 2 டிபியோடு நின்றுவிடும். மிச்சம் 1678 ஜிபி ஒதுக்கப்படாமல் கருப்புப் பட்டையாகக் கிடந்தது. ஜிபிடி என்ற புது முறையில் போட்டிருக்க வேண்டும். நானே எல்லாவற்றையும் அழித்து ஜிபிடிக்கு மாற்றினேன். சரி, அறியாமல் செய்திருப்பார் என்று விட்டேன்.

அப்புறம்தான் உண்மையான வேதனை. சுவாமிமலைக் கல்யாண ஃபைல்களைக் காப்பி போட்டால், முதலில் நொடிக்கு 150 எம்பி ஓடி, பிறகு 3 எம்பிக்கு இறங்கி, அப்படியே நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றினேன், வேறு போர்ட்டில் மாட்டினேன், வேறு கம்ப்யூட்டரிலும் பார்த்தேன். அதே கதை. கடைக்காரரோ "உங்க சிஸ்டம் பழசு" என்றார். அடுத்த முறை, "உங்க ஊர்ல பம்புசெட் ஓடுறதால வோல்டேஜ் அடிக்குதுண்ணே." யுபிஎஸ் வைத்துத்தான் வேலை செய்கிறேன் என்றதும் போனை வைத்துவிட்டார். நேரில் போனால் "ஓனர் வெளியூர்" என்று பையன் சொல்கிறான்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் ஏற்கெனவே 31,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. மூன்றரை வருஷம்! படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் வேறு. அந்த இடங்களை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால்தான் அந்த மந்தம். எங்கோ சிசிடிவி பெட்டியில் ஓடித் தேய்ந்ததாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கம்பெனி தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இதற்கா 9,200 ரூபாய்? மெமரி கார்டில் காப்பி இருந்ததால் அந்தக் கல்யாண வீட்டாரிடம் தலைகுனியாமல் தப்பித்தேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓடிய மணி நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதுசு என்றால் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். அதைக்கூட அழித்து விற்கிறார்கள் என்பதால் சீரியல் நம்பரையும் அங்கேயே சரிபாருங்கள். 2 டிபிக்கு மேல் என்றால் ஜிபிடிதான். ஜிஎஸ்டி பில் கையில் வராமல் கடையை விட்டு இறங்காதீர்கள். ஜிபே ரசீதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். 9,200 ரூபாயை விடுவதாக இல்லை.