கழுத்துக் குழாயை எப்போது எடுக்கலாம்: மூடிப் பார்ப்பதா, சளியை எண்ணுவதா?

தொப்பூர் கணவாயில் அடிபட்டுத் தலைக்காயத்தோடு தருமபுரிக்குக் கொண்டுவரப்படுகிறவர்களில் சிலர் பல நாள் வென்டிலேட்டரில் கிடக்க நேரும். பூச்சிமருந்து குடித்தவர்களும் அப்படித்தான். கழுத்தில் துளையிட்டு டிராக்கியாஸ்டமி குழாய் வைப்பார்கள். வென்டிலேட்டர் கழன்றதும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "டியூபை எப்ப சார் எடுப்பீங்க?"

பழைய வழி, குழாயின் வாயை மூடி 24 மணி நேரம் பார்ப்பது. குழாயைச் சுற்றி மூச்சுக்குழலை அடைத்து நிற்கும் கஃப் பலூனில் உள்ள காற்றை இறக்கிய பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக்கு வழியே கிடையாது. மூடிய பின் குழாயைச் சுற்றியுள்ள சிறு இடுக்கு வழியாகத்தான் காற்று போய்வரும். சிக்கலே இங்கேதான். குழாயை எடுத்துவிட்டால் நன்றாக மூச்சு விடக்கூடியவர்கூட, அது உள்ளே அடைத்துக்கொண்டு நிற்பதாலேயே திணறிப் போகிறார். 'இன்னும் தேறவில்லை' என்று நாள் தள்ளிப்போகிறது.

மற்ற வழியில், குழாய் வழியாகச் சூடும் ஈரமுமான உயர்வேக ஆக்சிஜனைத் தொடர்ந்து கொடுத்தபடி, எத்தனை முறை சக்‌ஷன் (சளியைக் கருவியால் உறிஞ்சி எடுப்பது) தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால், சளியைத் தானே இருமித் தள்ளும் பலம் வந்துவிட்டது என்று பொருள். ஸ்பெயினில் 5 ஐசியுக்களில் நினைவோடு இருந்த 330 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. குழாயை எடுக்க, மூடிப் பார்த்த குழுவில் இடைநிலை அளவாக 13 நாள் ஆனது. எண்ணிய குழுவில் 6 நாள். நுரையீரல் தொற்றும் எண்ணிய குழுவில் குறைவு. ஆனால் மூடிப் பார்த்தவர்களுக்கு உயர்வேக ஆக்சிஜன் விட்டுவிட்டே கிடைத்தது. அதனால் முழுப் பலனையும் எண்ணுவதன் கணக்கில் எழுதிவிட முடியாது.

என் தேர்வு எண்ணுவதுதான். ஆனால் அது சிஸ்டர்களின் சார்ட்டை நம்பி நிற்கிறது. ஒரே சிஸ்டர் பல படுக்கைகளுக்கு ஓடும் இரவில், தேவைப்பட்டும் உறிஞ்சாமல் விட்டது 'தேவை குறைவு' என்று பதிவாகிவிடும். அது உயிருக்கே ஆபத்து. போதிய ஆள் இல்லாத வார்டில் அந்த எண்ணை மட்டும் நம்பிக் குழாயை எடுக்கக் கூடாது.

நினைவு திரும்பாதவர்களுக்கு அந்த ஆய்வின் முடிவு பொருந்தாது. குரல்வளை வீக்கமோ மூச்சுக்குழல் சுருக்கமோ இருக்கும் என்று சந்தேகம் வந்தால் மூடிப் பார்ப்பது இன்றும் உதவும்; இஎன்டி மருத்துவர் ஸ்கோப் போட்டுப் பார்ப்பது அதைவிடத் தெளிவு.

எந்த வழியில் எடுத்தாலும், அதே அளவில் ஒரு குழாயும் ஒரு அளவு சிறியதும் படுக்கையருகே தயாராக இருக்கட்டும்.