இரைப்பை நெஞ்சுக்குள் ஏறினால் செய்யும் சத்திரசிகிச்சை: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறோம். சாப்பிட்டு முடிக்கு முன்பே நெஞ்சு அடைத்து மூச்சு வாங்குகிறவருக்கு இது நல்ல சத்திரசிகிச்சை. வேறெதற்கோ எடுத்த ஸ்கானில் தற்செயலாகத் தெரிந்து, ஒரு கரைச்சலும் இல்லாமல் இருப்பவர், அதுவும் வயது போனவர், அவசரப்பட்டு மேசையில் ஏறத் தேவையில்லை. அப்படியானவருக்குத் திடீரென்று சிக்கலாகும் ஆபத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதம்தான்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டில் உணவுக்குழாய் இறங்கும் துவாரம் அகன்று, இரைப்பையின் மேற்பகுதி குழாயின் பக்கத்தால் நெஞ்சறைக்குள் போவதுதான் நோய். துண்டில் ‘ஹயாட்டஸ் ஹேர்னியா’ என்று எழுதப்படுபவற்றில் 90 வீதத்துக்கும் மேல் முதலாம் வகை, அதாவது உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடம் வழுக்கி மேலே ஏறுவது. அவற்றில் பெரும்பாலானவை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலுடன் அடங்கும். நாங்கள் சொல்வது 2, 3, 4ஆம் வகைகளை. நாலாம் வகையில் பெருங்குடல் போன்ற வேறு உறுப்பும் கூடவே மேலே போயிருக்கும். எந்த வகை என்று கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய் கவனத்தில் படாமலே போவது ‘காஸ்ட்ரிக்’ என்ற பெயரில். இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் ஏறாமல் களைத்துக்கொண்டிருக்கும் வயதான அம்மாக்களில் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிமென்றகட்டின் விளிம்பில் இரைப்பை உரசுமிடத்தில் ‘கமரன் புண்’ எனப்படும் புண் வந்து, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியும். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே இதயத்துக்குப் பின்னால் காற்றும் நீர்மட்டமும் தெரிவதுண்டு. பிறகு எண்டோஸ்கோப்பி, பேரியம் குடித்து எடுக்கும் படம், பெரியதென்றால் சி.ரி. ஸ்கான்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் தொடங்குவதே சரியான வழி. பெரிய ஏற்றமென்றால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பக்கூடும். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. தனியாரில் செய்பவர்கள் காசைப் பற்றிக் கேட்க முன், இந்தச் சத்திரசிகிச்சையைச் சேர்ஜன் வருடத்தில் எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் செய்யாமல் விடலாம்.

இனி தியேட்டருக்குள். அதற்கு முந்திய ஓரிரு நாள் நீராகாரம்தான். மேலே மாட்டிய இரைப்பையில் பழைய சாப்பாடு தங்கியிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகலாம். வயிற்றில் ஐந்து சிறு துளை, வயிற்றை உப்ப வைக்கக் காபனீரொட்சைட்டு வாயு, இரண்டிலிருந்து நாலு மணித்தியாலம். இரைப்பையை இழுத்து இறக்குவது வேலையல்ல. அதைச் சூழ்ந்த பையை நெஞ்சறையிலிருந்து முழுதாக உரித்தெடுப்பதே வேலை. பையை மேலே விட்டால் அது திரும்ப இழுக்கும். உரிக்கும்போது நுரையீரல் உறை கிழியலாம். வேகஸ் நரம்பு அடிபட்டால் இரைப்பை பிறகு மெதுவாகவே வெறுமையாகும். உணவுக்குழாய் இழுவையின்றி 2 முதல் 3 சென்ரிமீற்றர் வயிற்றுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் மேலே விடுவிக்க வேண்டும், அல்லது இரைப்பையின் ஒரு பகுதியைக் குழாயாக்கி நீட்ட வேண்டும். அதற்குப் பின்தான் துவாரத்தைக் கரையாத நூலால் பின்பக்கமாகத் தைத்து, இரைப்பை உச்சியை உணவுக்குழாயைச் சுற்றி முழுதாகவோ (நிசன்) முக்கால்வாசியோ (ரூப்பே) போர்த்துவார்கள். விழுங்கும் தசை பலவீனமானவருக்கு முக்கால்வாசியே பாதுகாப்பு.

துவாரத்தில் தைத்த இடத்தைப் பலப்படுத்த வலை வைப்பதா என்பது ஓயாத வாதம். உயிர்ப்பொருள் வலையை (விலங்குத் திசுவிலிருந்து செய்தது) பற்றிய ஒரு பெயர்பெற்ற ஆய்வில் ஆறாம் மாதத்தில் மீண்டும் ஏறியது வலையோடு 9 வீதம், வலையின்றி 24 வீதம். ஏறத்தாழ ஐந்து வருடத்துக்குப் பின் பார்த்தபோது இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் மீண்டும் ஏறியிருந்தது. ஆனால் பெரும்பாலானோருக்குச் சுகம் நிலைத்தது. மறுபடி வெட்டவேண்டி வந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே பிறகு எடுத்த படத்தில் ‘சிறிது ஏறியிருக்கு’ என்று இருந்தால் தலையிடிக்க வேண்டாம், உடம்பைக் கேளுங்கள். பிளாஸ்ரிக் வலை உணவுக்குழாயை அரித்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கென்று மேலதிகக் காசு கேட்டால் தயங்குவது நியாயம்.

நல்ல தையலையும் சத்தி கெடுத்துவிடலாம். முதல் நாட்களில் ஓங்காளித்தால் தையல் அறுந்து இரைப்பை திரும்ப மேலே ஏறலாம். குமட்டல் தொடங்கியதுமே தாதியிடம் சொல்லி ஊசி போடுவியுங்கள். தோளில் வலி வாயுவால் வருவது, ஓரிரு நாளில் போகும்.

வீட்டில் முதல் வாரம் வடித்த கஞ்சி, சூப், தண்ணீரான பருப்பு. அதன்பின் குழைந்த சோறு, சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம், கரைய வேகவைத்த மீன். ஒரு தடவைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு, நாளைக்கு ஆறு தடவை. பாண், ரொட்டி, இறைச்சி மூன்றும் தொண்டைக்குக் கீழே சிக்கும். புட்டும் வேண்டாம், எவ்வளவு கறி விட்டாலும். சோடா கூடாது, ஏனென்றால் ஏப்பம் விடுவது கடினமாகி வயிறு ஊதும். குளிசையைப் பொடியாக்கலாமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். ஒமெப்ரசோல் போன்ற சிலவற்றைப் பொடியாக்கக் கூடாது. ஆறு வாரம் விழுங்கக் கொஞ்சம் கஷ்டம் இருப்பது வழக்கம். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் கிளினிக்குக்குத் திரும்புங்கள்.

பாரம் தூக்குவதில்தான் எங்கள் பக்கத்தில் பிழைக்கிறது. ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். நிறைந்த குடம் அதைத் தாண்டிவிடும், உரப்பையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நெல் வெட்டுக் காலத்துக்கு முன் திகதி வாங்காமல், அதற்குப் பின் வாங்குங்கள். மலச்சிக்கலையும் இருமலையும் அடக்குங்கள், முக்குவதும் பாரம்தான்.

சத்திரசிகிச்சை செய்தவரோ செய்யாதவரோ, மேல்வயிற்றில் கடும் வலியோடு ஓங்காளம் வந்தும் ஒன்றும் வெளிவராவிட்டால், அல்லது எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால், இரைப்பை முறுக்கியிருக்கலாம். விடியும்வரை பார்க்காமல், ஓமத்தண்ணி கொடுக்காமல், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏறும்போதே கிளினிக் கொப்பியையும் கையில் எடுங்கள்.