முழு மயக்கமா, முதுகு ஊசியா?

போன மழைக்காலத்தில் தோட்டத்து லயத்துப் படியில் வழுக்கி விழுந்து என் கணுக்கால் முறிந்தது. தகடு வைக்க வேண்டும் என்றார்கள். "முழுசா தூங்க வைக்கவா, முதுகுல ஊசி போடவா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். நானும் தாதிதான். யோசிக்கவே இல்லை, முதுகு ஊசி என்றேன். தாதிப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கச்சிமார் ஏன் என்று விடாமல் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

லிக்னோகெயினும் பியூபிவகெயினும் விறைப்பு மருந்துகள். நரம்பில் சோடியம் நுழையும் வழியை அடைக்கும், வலிச் செய்தி போகாது. அந்தப் பகுதி மட்டும் உணர்வில்லாமல் விறைக்கும்; முதுகில் போட்டால் இடுப்புக்குக் கீழே இரண்டு காலும். முழு மயக்கத்துக்குக் கொடுக்கும் புரொபோஃபோல், கெட்டமின், ஐசோஃப்ளூரேன் எல்லாம் மூளையில் வேலை செய்து நினைவை இழக்க வைக்கும். இது உங்களுக்கே தெரியும்.

புரொபோஃபோல் பால் போல வெள்ளை. ஏறும்போது கை எரியும், பிரஷர் இறங்கும், மூச்சும் நிற்கலாம். தூங்க வைக்குமே தவிர வலியைப் போக்காது. சோயா எண்ணெய் கலந்தது என்பதால் கிருமி சுலபமாக வளரும். உடைத்த மருந்தை மிச்சம் பிடித்து வைக்காதீர்கள். கெட்டமின் வலியையும் போக்கும், பிரஷரைப் பெரும்பாலும் ஏற்றும். விழிக்கும்போது பிதற்றுவார்கள் என்று படித்தோம். நான் பார்த்ததே இரண்டு பேரைத்தான். ஒருவர் கூரையோடு பேசிக்கொண்டிருந்தார், மற்றவர் தேத்தண்ணி கேட்டார். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

விறைப்பு மருந்தில் கணக்குத்தான் முக்கியம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு வருகிறவருக்குத் தையல் போட வேண்டும், எடை 50 கிலோ என்று வையுங்கள். அட்ரினலின் கலக்காத லிக்னோகெயின் அதிகபட்சம் கிலோவுக்கு 3 மில்லிகிராம், ஆக 150. ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் என்பதால் 15 மில்லிலீட்டரோடு நிறுத்த வேண்டும். இரண்டு சதவீதம் என்றால் ஏழரைதான். வாயைச் சுற்றிக் கூசுகிறது, காது இரைகிறது என்றால் மருந்து இரத்தத்தில் அதிகமாகிறது, உடனே ஊசியை நிறுத்தச் சொல்லுங்கள். பியூபிவகெயின் அதிகமானால் இதயத்தையே பிடிக்கும்.

ஆனால் நான் முதுகு ஊசியைக் கேட்டது இதற்காக இல்லை. வார்ட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்வது யார், எதை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். முழு மயக்கத்திலிருந்து வருகிறவருக்கு நாக்கு பின்னால் சரியலாம், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கலாம், அவரால் எதையும் சொல்லவும் முடியாது. இரவில் ஒரு தாதி, வார்ட் நிறைய நோயாளிகள் என்ற நிலையை நினைத்துப் பாருங்கள். முதுகு ஊசி போட்டவர் பேசுவார். "தல சுத்துது மிஸ்" என்று அவரே சொன்னால் பிரஷர் பார்க்கலாம். சிறுநீர் போகிறதா, கால் அசைகிறதா, மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

அதற்காக முதுகு ஊசியில் கவலையே இல்லை என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு உடம்பு உதறியது. அம்மா சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி, தகடு வைக்காத காலடியில் வைத்துவிட்டார். எனக்குச் சூடே தெரியவில்லை. தெரியாதென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் கதகதப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். போர்வையைத் தூக்கிப் பார்த்த தாதி மிஸ் போத்தலைப் பிடுங்கி எறியாத குறை, பாதம் சிவந்திருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கொப்புளம்தான்.

இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்களுக்கும், நீண்ட நேரச் சத்திரசிகிச்சைக்கும் முழு மயக்கமே பெரும்பாலும் பொருத்தம். அங்கே நம் விருப்பத்துக்கு வேலை இல்லை.

எனக்கு விறைப்பு விட்டுக் கால் பெருவிரல் அசைய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிள்ளைக்குக் குளிரும்போது போத்தலைப் பறித்துவிட்டாள் என்று அம்மாவுக்கு அந்த மிஸ் மேல் இன்னும் கோபம்.