“லைசென்ஸ் வேண்டாம்” என்று சொல்லி விற்கும் எலெக்ட்ரிக் சைக்கிள்: கோவை, பாலக்காடு பெற்றோர் கவனத்துக்கு

கோவையிலோ பொள்ளாச்சியிலோ எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கி, வாளையார் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ பாலக்காட்டுக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சைக்கிள் என்று எங்களுக்கு விற்றது சட்டப்படி சைக்கிளே இல்லை. பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி அது. அதை ஓட்டிக்கொண்டு டவுனுக்குள் போய்வந்தது பதினேழு வயதான என் மகள்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் பாலக்காடு டவுனை ஒட்டிய ஒலவக்கோட்டில் என் தங்கை வீட்டில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிறாள். டியூஷன் முடிந்து வரும் நேரத்தில் பஸ்ஸில் ஏறவே முடியாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது சாதா சைக்கிளை மிதித்துப் போனால் பிள்ளை பாதி வழியிலேயே சோர்ந்துவிடுவாள். மோட்டார் துணையோடு மிதிக்கிற சைக்கிள் என்றால் சரியாக இருக்கும் என்று கோவையில் ஒரு கடைக்குப் போனோம். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வாங்கும் கடைதான்.

நான் முதலில் கேட்டதே வயதைப் பற்றித்தான். பதினெட்டு ஆகாத பெண், டவுன் ரோட்டில் ஓட்டுவாள், சரிப்படுமா என்று கேட்டேன். “அக்கா, இது சைக்கிள்ங்க. லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். கவர்ன்மென்ட்டே அனுமதி கொடுத்த வண்டி” என்றார் கடைக்காரர். பின்சக்கரத்து மோட்டாரில் 250 வாட் என்று ஸ்டிக்கர் இருந்தது. 38,000 ரூபாய் கொடுத்தோம். பில்லில் “சைக்கிள் 1” என்று மட்டும் எழுதியிருந்தது. வாட், வேகம், மோட்டார் எண் எதுவும் இல்லை. கேட்டதற்கு, “சைக்கிள் பில் இப்படித்தான்க்கா இருக்கும்” என்று பதில் வந்தது.

பாலக்காட்டில் ஸ்டேடியம் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் வாகனத் துறை அதிகாரிகள் மகளை நிறுத்தினார்கள். ஸ்கூட்டர்களுக்குச் சமமாக ஓடிவந்த சைக்கிள் அவர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? தங்கை போய் நின்றாள், பின்னாலேயே நானும் போனேன். அதிகாரி தமிழிலேயே பேசினார். ஸ்டிக்கரின் ஓரம் ஏற்கனவே கிளம்பியிருந்தது. அதை விலக்கிக் காட்டினார். மோட்டார் மூடியில் 48 வோல்ட், 500 வாட் என்று பொறித்திருந்தது. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரையும் கழற்றி விட்டிருந்தார்கள். மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலே நாற்பதை நெருங்கும் வண்டியைத்தான் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார்கள். பிரேக்கோ சாதா சைக்கிளுக்குப் போடும் ரப்பர் கட்டை.

அவர் வழக்குப் போடவில்லை. இனி ரோட்டில் எடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பொறுமையாகச் சொன்னார். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, பதினெட்டு ஆகாதவர் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதிவில்லாத வண்டிக்கு 5,000 வரையும், இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாயும் தனி. கேட்கக் கேட்க எனக்குக் கை நடுங்கியது. யார் மேலாவது இடித்திருந்தால், நஷ்ட ஈடு முழுவதும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் சொன்னதை இந்த எல்லைப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். “அது கேரளாக்காரங்க சட்டம்க்கா. எங்க ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க எல்லை தாண்டி எடுத்துட்டுப் போனதுக்கு நாங்க என்ன பண்றது?”

இது பச்சைப் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 1988, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இரண்டும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கோவை உக்கடத்தில் செல்லாத வண்டி ஒலவக்கோட்டிலும் செல்லாது. அந்த விதிகளில் 2(u) என்ற பிரிவு, எந்த பேட்டரி வண்டியை மோட்டார் வாகனமாகக் கருத வேண்டியதில்லை என்று சொல்கிறது. மோட்டாரின் முப்பது நிமிட சக்தி (தொடர்ந்து முப்பது நிமிடம் தரக்கூடிய சக்தி) 0.25 கிலோவாட்டுக்குள், அதாவது 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். மிதித்து ஓட்டும் சைக்கிளில், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டார் உதவி குறைந்து, 25-ல் நின்றுவிட வேண்டும்; மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். இதையெல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். கடைக்காரர் வாயால் சொல்லும் உறுதி அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே ஒருவர், எலெக்ட்ரிக் சைக்கிள்களையே டவுன் ரோட்டில் தடை செய்துவிட வேண்டும் என்றார். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. விதிக்குள் அடங்கிய சைக்கிள் பிள்ளைகளுக்கும், மூட்டு வலிக்காரர்களுக்கும், பெட்ரோல் போட முடியாதவர்களுக்கும் பெரிய உதவி. 25-க்குள் போகும் வண்டியை ரோட்டில் விடுவதுதான் நியாயம். அதற்குமேல் ஓடும் வண்டியையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு செய்து, பச்சை நம்பர் பிளேட் மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் ஓட்டட்டும். நடுவில் ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றும் கடைகளால்தான் ஒழுங்கான சைக்கிளுக்கும் கெட்ட பெயர் வருகிறது. கேரள மோட்டார் வாகனத் துறை 2023-ல் ஸ்கூட்டர் ஷோரூம்களில் சோதனை போட்டபோது வேகத்தையும் சக்தியையும் கூட்டி விற்றது வெளியே வந்தது. சைக்கிளிலும் இப்போது அதே வேலைதான் நடக்கிறது. இப்படி விதியை மீறிய மோட்டார் வண்டியை விற்கும் டீலருக்கு 182ஏ பிரிவின்படி வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

வாங்கப் போகிறவர்கள் அந்த மாடலின் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். “வந்துடும், அனுப்பறோம்” என்றால் வெளியே வந்துவிடுங்கள். மோட்டார் வாட், அதிகபட்ச வேகம், மோட்டார் எண் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை நம்பாமல் மோட்டார் மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது போனில் ஜிபிஎஸ் வேகத்தையும் பாருங்கள், ஏனென்றால் வண்டியின் டிஸ்பிளேயில் எதை வேண்டுமானாலும் காட்ட வைக்கலாம். “வேணும்னா லாக் எடுத்துத் தர்றோம்” என்று, வேகக் கட்டுப்பாட்டையே கழற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் நிற்கவே நிற்காதீர்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் கடை கோவையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. கோவைக் கடை மேல் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துக் கேளுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். புகார் கொடுக்கும் முன்னால் “சும்மா ஒரு சர்வீஸ் பண்ணித் தர்றோம், வண்டியைக் கொண்டு வாங்க” என்று கடையிலிருந்து கூப்பிடுவார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். போனால் மோட்டாரை மாற்றி, கழற்றிய ஒயரைப் பழையபடி சேர்த்துவிடுவார்கள், சாட்சியே இருக்காது. ஸ்டிக்கர், மோட்டார் மூடி, கன்ட்ரோலர், கழற்றிய ஒயர் எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டியைப் பூட்டி வீட்டுக்குள்ளேயே நிறுத்துங்கள்.