வகைக்குப் பத்தாக முப்பது காட்டு டூலிப் கிழங்கு: மூன்று வசந்தம் பார்த்தபின் எழுதுவது

பொட்டலத்தைப் பிரித்ததும் ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அட்டைப் படத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூ. உள்ளே சின்ன வெங்காயம் அளவுக்குக்கூடத் தேறாத கிழங்குகள். டார்டா, குளூசியானா, சாக்ஸடிலிஸ், வகைக்குப் பத்து. குளூசியானாவின் தோலுக்குள் பஞ்சு பஞ்சாக மயிர் தெரிந்தது. பூஞ்சணம் என்று தூக்கி எறியப் போனேன். நல்லவேளை, அதற்கு அதுதான் உடம்புவாகு.

இலையுதிர் காலக் கடைசியில் சரளை கலந்த மேட்டுப்பாத்தியில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டேன். இடம் போதாமல் டார்டாவில் ஐந்தை மட்டும் குழாயடியில் வைத்தேன். அவை கூழாகிப் போயின. அது என் தப்பு.

முதல் வசந்தத்தில் இன்னொரு கூத்து. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் மொட்டு, சாயங்காலம் திரும்பும்போதும் மொட்டு. ஒரு வாரம் விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் போய்ப் பார்த்தால் டார்டா மொத்தமும் மல்லாந்து விரிந்து கிடக்கிறது, மஞ்சள் நடு, வெள்ளை முனை, ஒரே தண்டில் நாலைந்து பூ. வெயில் போனால் மூடிக்கொள்ளுமாம். அட்டையில் அதற்கு ஒரு வரி போட்டிருக்கலாம். உயரம் அரைச் சாண்தான், குனிந்துதான் பார்க்கவேண்டும்.

எனக்குப் பிடித்தது குளூசியானா. 1593-ல் நெதர்லாந்தின் லைடன் நகருக்கு வந்து அங்கே டூலிப் வளர்த்த தாவரவியலாளர் குளூசியஸின் பெயர் இதற்கு. மூடியிருந்தால் வெளியிதழில் சிவப்புப் பட்டை, திறந்தால் உள்ளே வெள்ளை. ஒரே செடியில் இரண்டு பூ பார்த்த மாதிரி. மண்ணுக்கடியிலேயே ஓடுதண்டு விட்டு, பத்து நட்ட இடத்தில் இப்போது பதினேழு நிற்கின்றன. இதற்குமுன் வாங்கிய பெரிய பூ டூலிப்புகள் இரண்டாம் வருடமே வெறும் இலையாகிவிட்டன.

சாக்ஸடிலிஸ்தான் ஏமாற்றம். கிரீட் தீவுப் பாறையிடுக்கில் வளர்வது; கோடையில் கிழங்கு நன்றாகக் காய்ந்து சூடேறினால்தான் பூக்கும். நானோ பக்கத்திலிருந்த செடிகளுக்காகக் கோடை முழுக்கத் தண்ணீர் விட்டேன். மூன்று வருடத்தில் ஏகப்பட்ட இலை, மொத்தம் இரண்டே பூ.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த அட்டைப் படத்துக்காக. சாக்ஸடிலிஸின் இலை பழுத்ததும் கிழங்கைத் தோண்டி, மழை படாத தெற்குச் சுவரோரம் வைக்கப்போகிறேன். குழாயடியில் புதினா போட்டாயிற்று.