புதியது என்று விற்கப்பட்ட கார்பரேட்டர்: பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய அம்பாசிடருக்குக் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாற்ற நினைப்பவர்கள், வண்டியிலிருந்து கழற்றிய பழையதை எந்தக் காரணத்துக்காகவும் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டு 1984ஆம் ஆண்டு மார்க் 4 வண்டிக்கு நேர்ந்ததைப் படித்தால் ஏன் என்று விளங்கும்.

1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் எஸ்.யு. கார்பரேட்டரும் உள்ள வண்டி அது. கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் கசிவு தொடங்கியது. புகையை வெளியேற்றும்போது சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய் கார்பரேட்டருக்குக் கீழேயே இருப்பதால், இந்த என்ஜினில் கசிவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. சென்னையில் பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில், பல வருடங்களாகப் பிரிக்காமல் வைத்திருந்த புதிய சரக்கு என்று சொல்லி ஒரு கார்பரேட்டரை விற்றார்கள். அவர்களுடைய மெக்கானிக்கே பொருத்தினார். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் சிறிது குறைத்தார்கள்.

ஊர் திரும்பும் வழியிலேயே கோளாறு தெரிந்தது. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் மிதித்திருந்தாலும் வண்டி ஒரு கணம் பாய்வதும் மறுகணம் தொய்வதுமாக ஓடியது. நிறுத்தி வைத்தால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறி ஏறி இறங்கியது. கடையில் கேட்டபோது முதலில் எத்தனால் கலந்த பெட்ரோலைக் குறை சொன்னார்கள். பிறகு பிளக்குக்குத் தீப்பொறி தர உதவும் பாயிண்டும் கண்டென்சரும் போய்விட்டன என்றார்கள். அடுத்து பெட்ரோல் பம்ப்பையும் மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். அதே பங்க்கில் போட்ட அதே பெட்ரோலில் பழைய கார்பரேட்டர் சீராகத்தானே ஓடியது என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊரில் நெடுங்காலமாக அம்பாசிடர் வேலை பார்க்கும் மெக்கானிக். என்ஜினை அணைத்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார். தடையில்லாமல் இறங்கி அடியில் 'டக்' என்று உட்கார வேண்டிய பிஸ்டன் பாதி வழியிலேயே சிக்கி நின்றது. பிஸ்டனும் அதன் மேல் மூடியான சக்ஷன் சேம்பரும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்படுபவை. ஒன்றின் மூடியை இன்னொன்றின் பிஸ்டனுக்குப் போடக்கூடாது. இங்கே நடந்திருந்தது அதுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது த்ராட்டில் தகட்டைத் திருப்பும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து அசைத்தால் கையிலேயே ஆட்டம் தெரிந்தது. அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்ததால்தான் ஐடிலிங் நிலைகொள்ளவில்லை. கடை மெக்கானிக் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் ஜெட் நட்டைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டி அதை மறைக்கப் பார்த்திருக்கிறார். பிளக்குகளில் படிந்திருந்த கரி அதைக் காட்டிக்கொடுத்தது.

புதியதா, பழையதா என்று வாங்கும்போதே பார்க்க ஓர் இடம் இருக்கிறது. த்ராட்டில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு சிறு திருகுகளின் முனை பிளந்திருக்கும். தொழிற்சாலையில் மாட்டிய பிறகு, கழன்று விழாதபடி அந்த முனைகளை விரித்துவிடுவார்கள். எங்களுக்கு விற்றதில் ஒரு திருகின் முனை அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது, மற்றொன்று பிளவே இல்லாத சாதாரணத் திருகு. வெளியே மணல் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தாலும் உள்ளே பிரித்துப் பூட்டிய தடம் அப்படியே இருந்தது. ஒரு டார்ச் விளக்கு இருந்தால் கடையில் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம். பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பார்ப்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் பழைய கார்பரேட்டரின் பாடியும் பிஸ்டனும் நல்ல நிலையில் இருந்தவை. ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோல் வருவதைத் தடுத்து நிறுத்தும் ஃப்ளோட் நீடிலையும் வாஷர்களையும் மாற்றியிருந்தாலே கசிவு நின்றிருக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். அதைத் திருப்பிக் கேட்டபோது விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அப்பா வாங்கிய நாளிலிருந்து வண்டியோடு இருந்த பாகம் அது என்பதால், போன பணத்தைவிட அந்தப் பதில்தான் எங்களை அதிகம் வருத்தியது.

அவர்கள் தந்த ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, 'கார்பரேட்டர் 1' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. 'புதியது' என்ற சொல்லையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திருகுகளையும் ஸ்பிண்டிலையும் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், கடை பணத்தைத் திருப்பித் தராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.