ஷேக் 4.1: மண்டபம் கரையில் 14 ஆண்டுப் பயன்பாடு

ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் திருமண ஒளிப்பதிவையும் மீனவர் வாழ்வு பற்றிய குறும் ஆவணப்படங்களையும் தொழிலாகக் கொண்ட எனக்கு, 2007 முதல் 2021 வரை அன்றாடக் கருவியாக இருந்தது ஷேக் 4.1 என்ற கம்பாசிட்டிங் (பல படங்களை ஒன்றாக இணைக்கும்) மென்பொருள். விற்பனை நின்று நெடுங்காலமான ஒன்றைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது என் கைக்கு எட்டியதும், பின்னர் இல்லாமல் போனதும் ஒரே கொள்முதலின் விளைவுகள் என்று நான் கருதுகிறேன்.

2002 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம், ஷேக்கை உருவாக்கிய நத்திங் ரியல் நிறுவனத்தை வாங்கியது. அப்போது நான் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இரவுப் பணியில் ரோட்டோ, அதாவது பொருளின் வெளிக்கோட்டைச் சட்டகம் (ஃப்ரேம்) சட்டகமாக, வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் அறையில் ஷேக் விண்டோஸில்தான் ஓடியது. 2.5 பதிப்போடு விண்டோஸ் ஷேக் முடிவுக்கு வந்தது. லினக்ஸ் பதிப்பு தொடர்ந்தாலும் ஆப்பிளின் மேக் கணினிக்கான பதிப்பைவிட விலை கூடியதாக இருந்தது. 2005இல் வந்த ஷேக் 4, மேக்குக்கு 2,999 டாலர், லினக்ஸுக்கு 4,999 டாலர். ஒரே மென்பொருளுக்கு இப்படி இரு விலை இருந்ததன் பொருள் தெளிவானது. கணினி விற்கும் நிறுவனத்துக்கு மென்பொருள் என்பது தன் கணினியை வாங்கவைக்கும் காரணங்களில் ஒன்று; ஆனால் நூற்றுக்கணக்கான லினக்ஸ் கணினிகளில் இரவு பகலாக ரெண்டர் செய்யும் (இறுதிப் படத்தைக் கணித்து எடுக்கும்) பெரிய ஸ்டுடியோக்களுக்கோ அதுவே தொழிலின் முதுகெலும்பு.

2006 ஜூனில் 4.1 பதிப்பு வந்தபோது மேக் விலை 499 டாலராக இறங்கியது. கூடவே, இனிப் பெரிய மேம்பாடுகள் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. விரும்பும் ஸ்டுடியோக்கள் 50,000 டாலர் கொடுத்து மூல நிரலுக்கு உரிமம் பெறலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அதாவது, இதுவே கடைசிப் பதிப்பு என்று அறிந்துதான் ஊர் திரும்பிய பிறகு நான் அதை வாங்கினேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை. சென்னை ஸ்டுடியோவில் மற்றவர் கணினியில் மட்டுமே தொட்டுப் பார்த்த கருவி, மண்டபத்தில் என் மேசைக்கு வந்தது.

இந்தக் கரையில் படம் எடுப்பவருக்கு இரண்டு தொல்லைகள் ஓயாதவை: படகின் ஆட்டமும் கடலின் நிறமும். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்; எந்தப் பருவத்திலும் வள்ளத்தில் நின்று எடுக்கும் படம் ஆடாமல் இருப்பதில்லை. ஷேக் 4இல் சேர்ந்த ஸ்மூத்கேம், சட்டகம் முழுவதன் அசைவையும் கணித்து ஆட்டத்தைக் குறைக்கும். கரையில் நடந்தபடி எடுத்த படங்களுக்கு அது மிகவும் உதவியது. ஆனால் சட்டகத்தின் பெரும்பகுதி நீராக இருக்கும்போது அலையின் அசைவும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய படத்தில் நான் பழைய முறைக்கே திரும்பினேன்: கரையில் நின்ற பனையின் உச்சியையும் அதன் அடிமரத்தையும் இரு புள்ளிகளாக ட்ராக் செய்து (அவற்றின் நகர்வைப் பின்தொடர்ந்து), ஆட்டத்தை நீக்கும் ஸ்டெபிலைஸ் நோடில் கொடுப்பது; நோட் என்பது ஒரு வேலையைச் செய்யும் கட்டம். பொறுமை வேண்டும் என்றாலும் விளைவு நம்பகமானது.

ஒரே நிறப் பின்னணியை நீக்கும் கீயிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடற்கரையில் பச்சைத் துணி கட்டிப் படமெடுத்தால் காற்று துணியைச் சுருக்கும், வெண்மணல் கீழிருந்து ஒளியை வீசும், தென்கடலின் பசுமை கலந்த நீலம் துணியின் நிறத்தை நெருங்கும். ஷேக்கில் கீலைட், ப்ரைமாட் என்ற கீயிங் கருவிகள் இரண்டும் உடன் வந்தன. தலைமுடிக்கும் முந்தானை ஓரத்துக்கும் கீலைட்டில் மென்மையான மேட் (எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) ஒன்று, உடம்புக்கு ப்ரைமாட்டில் திடமான மேட் ஒன்று எனத் தனித்தனியே எடுத்து இணைப்பேன். லேயர்களை அடுக்கும் மென்பொருளில் இதைச் செய்தால் ஒரே படத்துக்குப் பல நகல்கள் குவியும்; நோடுகள் கிளைகளாக இணையும் நோட் மரத்தில் ஒரே படத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்து, இடையில் எது எங்கே நடக்கிறது என்பது கண்ணுக்கு நேராக இருக்கும். இந்த ஒழுங்கு என் சிந்தனையையே மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. முழுமையான முப்பரிமாண வெளி இல்லாதது அதன் எல்லை. அந்த வகையில் நியூக் என்ற மற்றொரு கம்பாசிட்டிங் மென்பொருள் வெகுவாக முந்தியிருந்தது.

மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் மற்றொரு நன்மை புலப்பட்டது. ஷேக்கின் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு வேலையின் நோட் மரத்தைச் சேமிக்கும் கோப்பு, வெறும் எழுத்துக் கோப்பு. கட்டளை வரியில் சட்டக எண்களைக் குறிப்பிட்டு ரெண்டர் செய்யலாம் என்பதால், கரண்ட் போய் வந்ததும் விட்ட சட்டகத்திலிருந்து தொடர முடிந்தது.

2009 ஜூலையில் ஷேக்கின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் ஸ்மூத்கேம் ஃபைனல் கட் ப்ரோ 6இல் இடம்பெற்றிருந்தது. என் வரையில் உடனே எதுவும் மாறவில்லை. 2019இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா, ஷேக் போன்ற பழைய 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டபோதும், இணையத்தில் இணைக்காமல் பழைய இயங்குதளத்திலேயே அந்தக் கணினியை வைத்திருந்தேன். இறுதியில் அதை வீழ்த்தியது உப்புக்காற்றுதான். 2021இல் மதர்போர்டு அரித்துப்போயிருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள அறையில் சன்னலைத் திறந்து வைத்துப் பழகிய என் தவறு அது.

இப்போது ஃப்யூஷன் என்ற கம்பாசிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறேன். அதை 2014இல் வாங்கியது பிளாக்மேஜிக் டிசைன். கேமராவும் கருவிகளும் விற்கும் நிறுவனம். கைக்கெட்டும் விலை, நோட் மரம், வன்பொருள் விற்பவரின் கையில் மென்பொருள் என எனக்கு எல்லாமே பழகிய ஏற்பாடாகத் தோன்றுகிறது. இதுவும் ஒருநாள் கைவிடப்படலாம் என்பதால் ஒவ்வொரு வேலையின் இடைநிலைப் படங்களையும் ஈஎக்ஸ்ஆர் என்ற படக் கோப்புகளின் வரிசையாகத் தனி வட்டில் வைக்கிறேன். ஃப்யூஷனின் கோப்பும் எழுத்துக் கோப்பாக இருப்பது ஆறுதல்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டபோது, 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் கப்பலுக்காக இரண்டாக விரிந்து திறக்கும் காட்சி வேண்டும் என்று ஒருவர் கேட்டார். 2008இல் நான் எடுத்து, குறுக்கே தெரிந்த மின்கம்பியை நீக்கி முடித்திருந்த காட்சி அது. முடித்த படம் குறைந்த பிக்சல் அளவில்தான் இருந்தது. மூலப் படமும் ஷேக் ஸ்கிரிப்டும் வட்டில் இருந்தன. ஸ்கிரிப்டைச் சாதாரண எடிட்டரில் திறந்து, எந்த நோடு எதனுடன் இணைகிறது என்று வரிவரியாக வாசித்து, வண்ணத் திருத்த எண்களை எடுத்து, ஃப்யூஷனில் அதே மரத்தை மீண்டும் கட்டினேன். எண்களை அப்படியே இட்டால் வண்ணம் சற்று விலகியதால் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் ஆனது. கம்பிக்கான ரோட்டோ வடிவத்தின் புள்ளிகள் எண்களாகக் கோப்பில் இருந்தும், அவற்றை ஃப்யூஷனுக்கு மாற்றும் வழி எனக்குக் கைகூடவில்லை. சட்டகம் சட்டகமாக மறுபடி வரைந்தேன், அதற்கு நான்கு இரவுகள்.